பெட்டியில் அடித்த மூட்டைப்பூச்சி நாற்றம்

தேனீக்கள் ஏன் அந்தத் தேன்பெட்டிக்குள் தங்க மறுக்கின்றன என்று எனக்கு விளங்கவில்லை. காலையில் பிளம் மரக்கிளையை உலுக்கிக் கூட்டத்தைப் பெட்டிக்குள் இறக்கினோம். அரை மணி நேரத்தில் அத்தனையும் வெளியே வழிந்து, அதே கிளையில் தாடிபோலத் தொங்கின. இரண்டாம் முறையும் அப்படியே.

பனிக்காலத்தில் எங்கள் ஆறு கூட்டங்களில் ஐந்து செத்துவிட்டன. மிஞ்சிய ஒன்றிலிருந்து பிரிந்து வந்தது இது. தொங்கும் கூட்டம் ஒன்றிரண்டு நாள்தான் காத்திருக்கும். பிறகு காட்டுக்குப் போய்விடும்.

புதுக் கூட்டத்தை விடும் பெட்டிக்குள் மெலிசா இலையைக் கசக்கித் தேய்ப்பது எங்கள் முகுலா மலையில் வழக்கம். புதினா போன்ற இலை, எலுமிச்சை வாசம். தேனீ தன் கூட்டத்தை அழைக்க விடும் மணமும் ஏறக்குறைய அதுவே. அதனால் தேய்த்த பெட்டி அவற்றுக்குத் தெரிந்த வீடாகிவிடும். நானும் இரண்டு கைப்பிடி தேய்த்திருந்தேன். ஆனால் பெட்டிக்குள் நசுக்கிய மூட்டைப்பூச்சி நாற்றம்.

"எலி மூத்திரம்டி, பெரிஹான்," என்றார் என் கணவர் துர்முஷ்.

சாம்பல் நீரைக் கொதிக்கவிட்டு ஊற்றித் தேய்த்தேன், வெயிலில் காயவைத்தேன். தலையை உள்ளே விட்டு முகர்ந்தால் வெறும் மரவாசனை. மறுபடி இலையைத் தேய்த்தேன். முன்னைவிட மோசமாக நாறியது. அந்தக் கையால் பிட்ட ரொட்டியைத் தின்ன முடியாமல் கோழிக்கு எறிந்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து டொண்டு அக்கா வந்தாள். டீ கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு மண்ணில் துப்பினாள்.

"தூ! டீயாடி இது? மூட்டப்பூச்சியப் புழிஞ்சு வச்சிருக்க!"

அதுவும் மெலிசா டீதான். கெட்டில்தான் நாறுகிறதென்று அந்த வாரம் இரண்டு முறை துலக்கியிருந்தேன். பெட்டிக்கும் கெட்டிலுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று. தோட்டத்துக்கு ஓடி ஒரு இலையைக் கசக்கி மூக்கருகே கொண்டுபோனேன். அதே மூட்டைப்பூச்சி நாற்றம்.

"இந்தச் செடி எங்கருந்து வந்துச்சு?"

"பழசு போன வெயில்ல கருகிப்போச்சுல்ல," என்றார் துர்முஷ். "ஓடைக்கரையில ஆளுயரத்துக்கு நின்னுச்சு, அதே இலை. பேத்துக் கொண்டாந்து நட்டேன்."

"மோந்து பாத்தீங்களா?"

"மோந்து பாக்க நான் என்ன ஆடா?"

"ஆடு மோந்து பாத்துட்டுத்தான் தொடாம போயிருக்கு தம்பி," என்றாள் டொண்டு அக்கா. "அதான் ஆளுயரம்."

மெலிசாவில் இரண்டு வகை உண்டு. இலையைப் பார்த்து எளிதில் பிரிக்க முடியாது. ஓடைக்கரையில் நெடுநெடுவென வளர்வது நாறும் வகை. நட்டவர் நடும்போது முகரவில்லை. நானோ நாறியதும் இலையை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கழுவினேன்.

பாத்தி முழுவதையும் வேரோடு பிடுங்கி எரித்தோம். நாற்றம் ஊறிய பெட்டியின் உட்புறத்தைத் தீயில் லேசாகக் கருக்கினோம். டொண்டு அக்கா தோட்டத்து மெலிசாவை, கசக்கி எலுமிச்சை வாசம் வந்த பிறகே, உள்ளே தேய்த்துக் கூட்டத்தை இறக்கினோம்; சாயங்காலம் வரை ஒரு தேனீகூடக் கிளைக்குத் திரும்பவில்லை. அவளுடைய செடித் தூரிலிருந்து வேரோடு பிரித்த நான்கு கன்றுகளை, ஒவ்வொன்றிலும் ஒரு இலையைக் கசக்கி முகர்ந்த பிறகு, பாத்தியில் நட்டேன்.