நாலாம் மாடிச் சுவர்

திங்கட்கிழமை காலை நாலாம் மாடியில் கால் வைத்ததுமே செருப்புக்குள் ஈரம் ஏறியது. ஹால் சுவரை விரலால் தொட்டேன். டீயில் ஊறிய ரஸ்க் போல உள்ளே போனது. போன வாரம்தான் பெங்களூரிலிருந்து மெஷின் வந்து, நாலே பேர் குழாயைப் பிடித்து இரண்டு நாளில் மாடி முழுக்க ஜிப்சம் பூசிவிட்டுப் போயிருந்தார்கள். மணல் வேண்டாம், பதினைந்து கொத்தனார் வேண்டாம், முக்கியமாகத் தண்ணீர் விட வேண்டாம். தண்ணீர் அதற்கு ஆகவே ஆகாது. இது எனக்குத் தெரியும், இன்ஜினியர் ஸ்நேஹாவுக்குத் தெரியும். சுவருக்குத் தண்ணீர் விடும் நாச்சம்மாளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

யாரும் என்ன யாரும், நான்தான் சொல்லவில்லை. மைசூர் ரிங் ரோட்டை ஒட்டிய இந்த சைட்டுக்கு நான் சூப்பர்வைசர். சனிக்கிழமை கிளம்பும்போது, "நாச்சம்மா, நாளைக்கு லீவுன்னு ஒரு சுவரையும் காய விட்டுடாதே" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன். இருபத்தாறு வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்கிற வார்த்தை, தானாக வந்துவிட்டது. ஞாயிறு முழுக்க அவள் ஒருத்தியாகக் குழாயை இழுத்துக்கொண்டு ஏறி இறங்கி, ஒரு சுவர் விடாமல் நனைத்திருக்கிறாள்.

நாச்சம்மாள் கௌதள்ளி கிராமத்துக்காரி. பதினோரு வருஷமாக என்னோடு சைட் சைட்டாக வருகிறாள், சைட்டிலேயே தகர ஷெட்டில் குடியிருக்கிறாள். சிமெண்ட் பூச்சு என்றால் ஏழு நாள் ஈரம் காக்க ஓர் ஆள் வேண்டும்; அந்த ஆள் இவள். இனிமேல் எல்லா மாடியும் ஜிப்சம் என்றான பிறகு இவளை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று ஆபீசில் இரண்டு முறை கேட்டாயிற்று. நானும் ஏதேதோ சொல்லி ஓட்டிக்கொண்டிருந்தேன். தினமும் காலையில் என் போனில் முகத்தைக் காட்டினால்தான் வருகைப்பதிவு. முகத்தில் தூசி இருந்தால் அது ஆளைக் கண்டுபிடிக்காது. அதனால் முந்தானையால் நன்றாகத் துடைத்துக்கொண்டு, கண் சிமிட்டாமல் நிற்க அவளைப் பழக்கியிருந்தேன். "பச்ச உளுந்துருச்சுங்களா சார்?" என்று உதடு அசையாமல் கேட்பாள். பச்சை டிக் விழுந்ததும்தான் மூச்சு விடுவாள்.

மத்தியானம் ஸ்நேஹா போன் செய்தாள். என் மகள் வயதுதான். அவளும் பாவம், காலையிலிருந்து திட்டு வாங்கிய குரல்.

"சார், நாலாம் மாடிச் சுவர் கெட்டுப்போச்சுன்னு நீங்க காலைல போட்ட கம்ப்ளெயிண்ட் ஆப்ல இன்னும் ரெட்லயே இருக்கு. யாரு மிஸ்டேக்னு பேர் போடாம க்ளோஸ் ஆகாது, கொத்தல்வா, தெரியுமில்ல? ஹெட் ஆபீஸ்ல கேட்டுட்டே இருக்காங்க."

"யாரு பேரு மேடம் போடறது?"

"அது நீங்கதானே சார் சொல்லணும்."

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. மூன்று சைட்டுக்கு ஒரு சூப்பர்வைசர் போதும், மிச்சத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும் என்று ஆபீசில் பேச்சு. என் பெயரைப் போட்டால் நான் வீட்டுக்கு, நாச்சம்மாள் பெயரைப் போட்டால் அவள் கௌதள்ளிக்கு. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் பெயரைத்தான் அடித்தேன். காலையில் எடுத்த சுவர்ப் படத்தோடு அனுப்பினால், படம் தெளிவாக இல்லை, மீண்டும் எடுக்கவும் என்று திருப்பி அடித்தது. சனியன் பிடித்த ஆப். மறுபடி நாலு மாடி ஏற வேண்டும்.

ஏறிப்போனால், நாச்சம்மாள் டைல்ஸ் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்துச் சுவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ, ரவிக்கை முதுகெல்லாம் நனைந்திருந்தது.

"காத்துப்பட்டா இறுகிருமுங்களா சார்? நீங்க சொன்னாப்லயே ஒண்ணு உடாம ஊத்துனனுங்க. இது இப்பிடி ஆகுமுன்னு தெரியாமப் போச்சுங்க."

நீங்கதானே சொன்னீங்க என்று அவள் ஒரு சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சுவரைப் படமெடுக்கப் போனைத் தூக்கினேன். "கொஞ்சம் தள்ளிக்கோ" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் அட்டையைக் கீழே வைத்து, முந்தானையால் நெற்றியையும் கன்னத்தையும் அழுத்தித் துடைத்துக்கொண்டு, பூச்சு பிய்ந்து தொங்கிய சுவருக்கு முன்னால் வந்து முகத்தை நிமிர்த்தி நின்றாள். கண் சிமிட்டவில்லை. திரையில் அவள் முகத்தைச் சுற்றி ஒரு சதுரம் வந்து விழுந்தது.

"பச்ச உளுந்துருச்சுங்களா சார்?"