சும்மாடு கட்டிய தேவதைகள்

அஸ்கரி பேகம் அந்தக் கேசட்டுகளைப் பார்க்கப் போனது கவுனுக்கு மாதிரி எடுக்கத்தான். பாலக்கோட்டில் ஒரு பெண்கள் பள்ளியின் ஆண்டு விழாவில் நாடகம் போடுகிறார்கள். உடை தைக்கும் வேலை அவளிடம் வந்திருந்தது. பாட்டு வாத்தியார் சவுரியப்பன், ஜெர்மனியில் நர்சாக இருக்கும் தங்கை அனுப்பிய இரண்டு வீடியோ கேசட்டுகளைக் கொண்டுவந்து அவளுடைய தையல் மிஷின் மேல் வைத்தார்.

"ரெண்டும் ஒரே நாடகந்தாங்க. ஓபரான்னு சொல்லுவாங்க. பேச்சே இருக்காது, பூரா பாட்டுத்தான். மொத கேசட்டைப் பாருங்க. அதுல இருக்கிற மாதிரியே கவுனு, ரெக்கை எல்லாம் வேணும்னு ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிட்டாங்க. இன்னொண்ணு வேணாம். புதுமாதிரின்னு என்னமோ பண்ணி வெச்சிருக்கானுங்க. எனக்கே புரியல."

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவள் தம்பி தஸ்தகீர் வீடியோ கடை வைத்திருந்தான். காலையில் கடையில் கூட்டமிருக்காது. டிவி முன்னால் ஸ்டூலைப் போட்டு, நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தாள்.

முதல் கேசட்டில் காடு காடாகவே இருந்தது. அண்ணனும் தங்கையும் பழம் பொறுக்கப் போய் வழி தவறிவிடுகிறார்கள். இருட்டுகிறது. பயத்தில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டுப் பாடுகிறார்கள், அப்படியே தூங்கிப்போகிறார்கள். மேலேயிருந்து படிக்கட்டு ஒன்று இறங்க, அதன் வழியே தங்கச் சிறகு வைத்த தேவதைகள் வரிசையாக வந்து சுற்றிக் காவல் நிற்கிறார்கள். விடிந்ததும் மிட்டாய் வீடு, சூனியக்காரி, அடுப்பு. பாஷை ஒரு எழுத்து புரியவில்லை. கதை முழுக்கப் புரிந்தது. அஸ்கரி சிறகை வரைந்தாள், கவுனுக்கு எத்தனை மடிப்பு என்று எண்ணினாள். வேலை முடிந்தது.

ஆனால் வேண்டாம் என்று ஒருவர் சொன்னதைப் பார்க்காமல் எழுந்து போகிறவள் இல்லை அவள்.

"அதையும் போடுடா."

இரண்டாவது கேசட்டில் ஒரு மரம்கூட இல்லை. பெரிய ரயில்வே ஸ்டேஷன். பெட்டியும் குடையுமாக ஆட்கள் விரைகிறார்கள், நடுவில் இரண்டு பிள்ளைகள் திருதிருவென்று விழிக்கிறார்கள். ஆட்கள் போய்விட, தூண்கள் மட்டும் காட்டு மரங்களைப்போல நிற்கின்றன. பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தார்கள்.

அஸ்கரி ஸ்டூலிலிருந்து எழுந்தேவிட்டாள். "தஸ்தகீரே, அதே பாட்டுடா இது!"

பிள்ளைகள் பெஞ்சில் தூங்கினார்கள். படிக்கட்டும் வரவில்லை, சிறகும் வரவில்லை. துடைப்பமும் பக்கெட்டுமாக, சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட கூட்டுகிற பொம்பளைகள் வந்தார்கள். பிள்ளைகளைப் பார்த்ததும் நின்றார்கள். ஒருத்தி தன் கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டாள். இன்னொருத்தி. அப்புறம் ஒவ்வொருத்தியாக எல்லோரும். கோட்டில்லாமல், கையைக் கட்டிக்கொண்டு சுற்றி நின்றார்கள். அவ்வளவுதான்.

"திருப்பிப் போடு."

மூன்று தடவை திருப்பிப் போட்டான். ஒரே துணியைப் பாவாடையாகவும் வெட்டலாம், சட்டையாகவும் வெட்டலாம் என்பது பத்து வயதிலிருந்து அவளுக்குத் தெரியும். ஒரு கதையையும் அப்படி வெட்டலாம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நம்ம ஊரில் பிள்ளைகள் தொலைந்தால் எங்கே தொலைவார்கள்? தக்காளி மார்க்கெட்டில். அங்கே யார் வருவார்கள்? கூடை சுமக்கிற பொம்பளைகள். நோட்டைப் புரட்டி, சிறகு வரைந்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் வேகவேகமாக வரையத் தொடங்கினாள்.

சவுரியப்பன் படத்தைப் பார்த்துவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "நல்லாத்தாங்க இருக்குது. ஆனா ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட யார் பேசறது?"

"நான் பேசறேன் சார். நீங்க அவங்களைத் தம்பி கடைக்குக் கூட்டிட்டு மட்டும் வாங்க."

தலைமையாசிரியை கோவிந்தம்மாள் சிரித்து அந்தப் பள்ளியில் யாரும் பார்த்ததில்லை. மறுநாள் மதிய இடைவேளையில் வந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார். ரயில்வே ஸ்டேஷன் வந்தது. பிள்ளைகள் பாடினார்கள், தூங்கினார்கள். துடைப்பம் பிடித்த முதல் பொம்பளை உள்ளே கால் வைத்த நொடியில் கரண்ட் போனது.

"சரி. ரெக்கையே தைச்சிடுங்க" என்று கோவிந்தம்மாள் எழுந்தார்.

"டீச்சர், உக்காருங்க. ரெண்டே நிமிசம்." தன் வாயிலிருந்துதான் அது வந்ததா என்று அஸ்கரிக்கே ஆச்சரியம். நிகாஹ் வீட்டில்கூட நாலு பேர் முன்னால் பாடாதவள் அவள். இப்போது ஸ்டூலை நடுவில் இழுத்துப்போட்டு, "இதுதான் பெஞ்சு, பசங்க இங்க தூங்கறாங்க" என்றாள். அந்தப் பாட்டின் மெட்டை முனகத் தொடங்கினாள். குரல் முதலில் தாழ்ந்திருந்தது, பிறகு ஏறியது. கூடை சுமக்கிறவளாக இடுப்பில் கை வைத்து நடந்து வந்தாள். நின்றாள். இல்லாத கூடையை இறக்கினாள். டிவி மேல் மூடுகிற துணியை எடுத்து, தலையில் கூடைக்கு அடியில் சுருட்டி வைத்த சும்மாட்டைப் பிரிப்பதுபோலப் பிரித்து, உதறி, ஸ்டூல் மேல் மெதுவாகப் போர்த்தினாள். மறுபடி வாசலுக்குப் போய் இரண்டாவது பொம்பளையாக வந்தாள். மூன்றாவதாக வந்தாள். மெட்டு நிற்கவேயில்லை. சவுரியப்பன் தன்னை அறியாமல் கூடப் பாட ஆரம்பித்திருந்தார்.

முடிந்ததும் மூச்சு வாங்கியது. கோவிந்தம்மாள் ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மாடு எத்தனை வேணும்?" என்று கேட்டார்.

"பன்னெண்டு டீச்சர்!"

ஆண்டு விழா அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் மைதானம் நிரம்பிவிட்டது. மேடையில் ஆளுயரத்துக்குத் தக்காளிக் கூடைகளை அடுக்கியிருந்தார்கள். பார்க்க நிஜமாகவே காடுபோல இருந்தது. அண்ணனாகவும் தங்கையாகவும் வந்த ஏழாம் வகுப்புப் பெண்கள் சவுரியப்பன் தமிழில் எழுதிய வரிகளைப் பாடினார்கள். பாடித் தூங்கினார்கள். பழைய புடவையும் சும்மாடுமாகப் பன்னிரண்டு பெண்கள் கூடையோடு வரவும், பின்வரிசையில், மார்க்கெட்டிலிருந்து நேரே வந்திருந்த பொம்பளைகளிடையே ஒரு சலசலப்பு.

"ஏ, அது நாமடி!"

"கம்முன்னு இரு, பாரு!"

முதல் சும்மாடு பிரிந்து பிள்ளைகள் மேல் விழுந்தது. பன்னிரண்டாவதும் விழுந்தபோது எழுந்த விசில் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும். அடுத்து சூனியக்காரி தராசோடு வந்து அண்ணனைத் தட்டில் உட்காரவைத்து எடை பார்க்க, சிரிப்பில் பாட்டே காதில் விழவில்லை. படுதாவுக்குப் பின்னால் நின்ற அஸ்கரி எல்லோருடைய பாட்டையும் வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். யார் காதில் விழுந்தால் என்ன!

நாடகம் முடிந்து அவள் துணிகளை மடிக்கும்போது, கூடை சுமக்கும் முனியம்மாள் நாலைந்து பேரோடு மேடைக்குப் பின்னால் வந்தாள்.

"நீங்கதான் துணி தைச்சவங்களா?"

"ஆமாங்கக்கா."

"எல்லாம் சரி. சும்மாடு தப்பு. அது கொடம் தூக்கறதுக்குக் கட்டறது. தக்காளிக் கூடைன்னா நல்லா அகலமா வரணும், இல்லாட்டி தலையில நிக்காது. கொஞ்சம் குனியுங்க."

அஸ்கரியின் முக்காட்டு மேலேயே ஒரு துண்டைச் சுருட்டிச் சுற்றி வைத்து, ஒரு காலிக் கூடையைத் தூக்கி அதன் மேல் ஏற்றினாள் முனியம்மாள். கூடை அசையவில்லை. "கையை வுடுங்க, வுழாது. நடங்க."

அஸ்கரி கையை விட்டாள். மேடையைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். பொம்பளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். "சார், நாளைக்கும் போடலாம் சார்! இவங்க பூராப் பேரும் தேவதையா வரணும்" என்று கத்தியபடி, அஸ்கரி கூடையோடேயே சவுரியப்பனைத் தேடிக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கினாள்.