ஏழே மார்க் வாங்கிய காதுகள்

கடலட்டை எடுக்க முங்குகிறவர்களின் காதைச் சோதித்துச் சீட்டுக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்து மூன்று வாரம் ஆகிறது. பெம்பாத் தீவின் இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் காது பார்க்க நான் ஒருத்திதான். நான் டாக்டர்கூட இல்லை, ஆனால் ஊருக்கு டாக்டரம்மா. காதுக்குள் பார்க்கிற விளக்கு போன மாதமே செத்துவிட்டது. மேலிடத்திலிருந்து ஒரு தாள் அனுப்பினார்கள். அதில் ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் தொல்லை இல்லையென்றால் ஒரு மார்க், தாங்கவே முடியவில்லையென்றால் ஏழு. மொத்தம் பதினைந்துக்குக் கீழே வந்தால் அந்த ஆள் முங்கலாம்.

ஃபாகி வந்தபோது மதியம் மூன்று மணி. அன்றைக்கு முப்பத்தெட்டாவது ஆள். என் கால் இரண்டும் வீங்கியிருந்தன. யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

"காதுல அழுத்தம் எப்படி?"

"நல்லது, டாக்டரம்மா."

"வலி?"

"நல்லது."

"தண்ணிக்கு அடியில இருக்கற மாதிரி அடைச்சுக்குதா?"

"நான் இருக்கறதே தண்ணிக்கு அடியிலதானே!"

வாசலில் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்று என்று போட்டேன். சளி பிடித்தால் காது படுத்துகிறதா, உள்ளே பொட்டுப் பொட்டென்று வெடிக்கிறதா, இரைகிறதா, பேச்சு மந்தமாகக் கேட்கிறதா? எல்லாவற்றுக்கும் நல்லதுதான். கூட்டினால் ஏழு. சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்தேன். அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். நான் அடுத்த பேரைக் கூப்பிட்டேன். போய்விட்டான்.

மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டு பிகோம்போ எதிரே வந்தாள்.

"வீட்ல எப்படி?" என்றேன்.

"நல்லது."

"புள்ளைங்க?"

"நல்லது. ஆனா, நேத்து அடிச்ச காத்துல கூரை பறந்துபோச்சு."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரில் பிணம் வீட்டில் கிடந்தாலும் கேட்டவுடன் நல்லது என்றுதான் சொல்வார்கள். மெய்யான சேதி அந்த 'ஆனா'வுக்குப் பிறகுதான் வரும், அதற்குக் கேட்கிறவர் காத்திருக்க வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்த கழுதை நான். கையில் ஒரு தாள் வந்ததும் ஊர் மறந்துபோயிற்று. ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் நேரே கடற்கரைக்கு ஓடினேன்.

ஃபாகி கரையில் உட்கார்ந்து, முங்கும்போது மூச்சுவிடுகிற ரப்பர் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். வீடு எப்படி, மனைவி எப்படி, ஆடு எப்படி என்று முறைப்படி கேட்டேன். எல்லாம் நல்லது. காதும் நல்லது. பிறகு வாயை மூடிக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஆனா, இடது காது ரெண்டு வாரமா தெறக்க மாட்டேங்குது, டாக்டரம்மா" என்றான். "மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஊதிப் பாக்கறேன், ஒண்ணும் நடக்கல. முந்தாநேத்து அடியில இருக்கும்போது தலை சுத்திப் போச்சு. எது மேல, எது கீழன்னே தெரியல."

"இதை ஏன் தம்பி நேத்தே சொல்லல?"

"சொல்லத்தான் நின்னேன். நீங்க அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டீங்க."

வெட்கமாக இருந்தது. அவனிடமிருந்து சீட்டை வாங்கிக் கிழித்தேன். காதிலிருந்து மூக்குக்குப் பின்னால் போகிற குழல் அடைத்துக்கொண்டிருக்கிறது, அது சரியாகிறவரை முங்கினால் காது போகும், தலை சுற்றினால் உயிரே போகும் என்றேன். அவன் சண்டை போடவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

படகுக்கார ஷாமேதான் கத்தினான்.

"உன் காதைக் காயப்போட்டுக்கிட்டு வீட்ல கெட! உன் தம்பி ஹமாத் ஏறிட்டான், அவன்கிட்ட சீட்டு இருக்கு!"

படகைத் தள்ளிவிட்டார்கள். ஃபாகி எழுந்து நின்றான்.

"அவன் காது என் காதைவிட மோசம், டாக்டரம்மா. அவனுக்கு எப்படிச் சீட்டுக் குடுத்தீங்க?"

போன வாரம் நான் கொடுத்ததுதான். மொத்தம் ஏழு. அவனுக்கு மட்டுமா? என் கோப்பில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஏழுதான். வருஷக்கணக்காகக் கடலடியில் கிடக்கிற ஆட்களுக்கு அன்றைக்குப் பிறந்த குழந்தையின் காது எப்படி வந்தது என்று ஒரு நாளாவது யோசித்தேனா?

வெள்ளைக் கோட்டோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன்.

"ஹமாத்! முங்காதே! எறங்கி வாடா!"

இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. ஷாமே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹமாத் மட்டும் என்னைப் பார்த்தான், கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு. தொண்டை கிழிய இன்னொரு தடவை கத்தினேன். கரையிலிருந்து காலையில் ஒருத்தி கூப்பிட்டால் நலம் விசாரிப்பதைத் தவிர வேறென்ன கேட்டிருக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. சிரித்துக்கொண்டே கையை உயர்த்தினான்.

"நல்லது, டாக்டரம்மா! எல்லாம் நல்லது!"