எதிர் நாற்காலி

எழுத்துக்குக் கேட்க ஆள் தேவையில்லை. இந்த உண்மையை நான் என் பத்தொன்பதாவது வயதில் நிறுவினேன். எனக்கு முன்னால் எழுதியவர்கள் எல்லாரும் பாவம், யாராவது படிப்பார்கள் என்ற நப்பாசையிலேயே எழுதிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். எங்கள் கல்லூரியின் கையெழுத்துப் பத்திரிகைக்கு நான்தான் ஆசிரியர். எழுதுகிறவனும் நான்தான். மாடிப்படிக்குப் பக்கத்துச் சுவரில் அதைப் பசை தடவி ஒட்டுகிறவனும் நான்தான். வாசகர் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், மேற்படி உண்மையைச் சொல்லிவிடுவேன்.

அந்தப் பத்திரிகைக்குத் தீனி தேடித்தான் கலை மையத்தின் எழுத்து வகுப்பில் சேர்ந்தேன். சனிக்கிழமை மாலை, இரண்டாம் மாடி, கடைசி அறை. பக்கத்து அறையில் நடன வகுப்பு. அவர்கள் குதித்தால் எங்கள் மேசையில் பேனாக்கள் உருளும். இருபது நாற்காலிகளுக்கு நாங்கள் ஐந்து பேர். சொல்லிக்கொடுக்கும் மேடம் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். வந்த முதல் நாளே கதவில் மாட்டியிருந்த ‘செருப்புகளை வெளியே விடவும்’ பலகையில் இரண்டு திருத்தம் போட்டார் என்று காவலாளி பெருமையாகச் சொல்வார்.

மேடத்தின் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. வாசிக்கப் போகிறவர் ஒரு காலி நாற்காலியை இழுத்து வந்து தனக்கு எதிரே போட வேண்டும். அதில் உட்காரப் போவது யார் என்று உறவைச் சொல்ல வேண்டும். பிறகு அந்த நாற்காலியைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். ஊர் முழுக்கக் கேட்கட்டும் என்று எழுதினால் ஒருத்தருக்கும் கேட்காது, ஒரே ஒரு ஆளுக்கு எழுதுங்கள் என்பது அவர் கட்சி.

லிஃப்ட் ரிப்பேர் செய்யும் அண்ணன் ஒருவர் இருந்தார். அவர் நாற்காலி மச்சானுக்கு. வீட்டைப் பங்கு பிரித்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நாற்காலியைப் போட்டதும் அண்ணன் அதை இரண்டு முறை ஆட்டி, நாலு காலும் தரையில் படுகிறதா என்று பார்ப்பார். ஏன் என்று மேடம் ஒருமுறை கேட்டார்.

“விழுந்து வெச்சான்னா அதுக்கும் என்னத்தான் சொல்லுவான் மேடம்.”

எக்ஸ்ரே எடுக்கும் அக்காவின் நாற்காலி அவர் கணவருக்கு. அவர் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அக்கா நாற்காலியை நேராகப் போட மாட்டார், கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிப் போடுவார். கணவருக்கு இடது காது மந்தமாம். வலது காது தன் பக்கம் இருக்க வேண்டுமாம்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ‘நாற்காலி இலக்கியம்’ என்று ஒரு கட்டுரை தன்னைத்தானே எழுதிக்கொண்டு வந்தது. அதில் எனக்கே மிகப் பிடித்த வரி இது: ‘ஆள் போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது, அந்த இடது காது மட்டும் இன்னும் குணமாகவில்லை.’ எழுதிவிட்டு அறையில் தனியாகச் சிரித்தேன். நன்றாக இருந்தது. கூடச் சிரிக்க யாராவது இருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியதை அடித்துவிட்டேன்.

என் முறை வரும்போதெல்லாம் மனித குலத்துக்காக எழுதுகிறேன், எனக்கு நாற்காலி வேண்டாம் என்று சொல்லி நழுவினேன். லிஃப்ட் அண்ணன்தான் எனக்குப் பரிந்து பேசுவார்.

“விடுங்க மேடம். மனித குலம் மொத்தமும் வந்தா இங்க நாற்காலி பத்தாது.”

வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். அம்மா, என் அக்காவின் பிரசவத்துக்கு என்று வேறு நாட்டுக்குப் போனவள், குழந்தை பள்ளிக்கூடம் போகிற வரை இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை. நான் வரும்போது அவர் போயிருப்பார், அவர் வரும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். எங்கள் குடும்ப வாழ்க்கை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் நடந்துகொண்டிருந்தது. ‘துணி காய்ந்துவிட்டது, எடுத்து வை.’ ‘எடுத்துவிட்டேன்.’ ‘மழை வரும் போல, குடை.’ ‘சரி.’ கடைசியாக நேருக்கு நேர் பேசியது காஸ் சிலிண்டர் பற்றி. சொல்லிவிட்டாயா என்று அவர் கேட்டார். சொல்லியாகிவிட்டது, இன்னும் வரவில்லை என்றேன். அப்படிப் பேசியே பதினைந்து நாள் ஆகியிருந்தது.

வகுப்பு முடியும் வாரத்தில் கீழ்த்தள அரங்கில் வாசிப்பு மாலை என்று அறிவித்தார்கள். எல்லாரும் வாசிக்க வேண்டும், ஆளுக்கு நாலு பேரையாவது அழைத்து வர வேண்டும். ‘நாற்காலி இலக்கிய’த்தை அங்கேயே, அவர்கள் மேடையிலேயே, அரங்கேற்றுவது என்று முடிவு செய்தேன். கல்லூரி வாட்ஸப் குழுவில் அழைப்பைப் போட்டேன். நாற்பத்தொரு கட்டைவிரல் வந்து விழுந்தது.

ஃப்ரிட்ஜிலும் ஒரு சீட்டு வைத்தேன். ‘சனி ஐந்து மணி. கலை மையம். நான் வாசிக்கிறேன். சும்மா சொன்னேன்.’

மறுநாள் பதில் இருந்தது. ‘பார்க்கிறேன். ஃபோனில் சார்ஜ் நிற்பதில்லை, கூப்பிடாதே.’

அப்பாவின் ஃபோன் அப்படித்தான். எந்த விசேஷத்துக்குப் போனாலும், எந்த ஆபீஸில் காத்திருந்தாலும், அவர் முதலில் தேடுவது ப்ளக் பாயின்டைத்தான். அதற்குப் பக்கத்தில் ஒரு இடம் பிடித்து ஒயரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். ‘பார்க்கிறேன்’ என்ற அந்தச் சீட்டை நான் ஏனோ கிழிக்காமல் பையில் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அரங்கில் அறுபது நாற்காலி. ஆட்கள் பதினோரு பேர். அதில் நாலு பேர் நடன வகுப்பிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தவர்கள், ஒருவர் காவலாளி. நாற்பத்தொரு கட்டைவிரலில் ஒன்றுகூட வரவில்லை. நான் ஓரமாக உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு ஆறு மணிக்கு வேலை. பஸ்ஸில் அரைமணி நேரம். ஐந்தரைக்கு மேல் அவர் வர வழியில்லை. கதவு மூன்று முறை திறந்தது. மூன்று முறையும் காற்று.

லிஃப்ட் அண்ணன் நாற்காலியை ஆட்டிப் பார்த்துவிட்டு மச்சானை மரியாதையாகத் திட்டினார். அடுத்து எக்ஸ்ரே அக்கா. நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தார். ‘மூச்ச இழுத்துப் பிடிங்க, இப்ப விடலாம்’ என்று ஒரு நாளைக்கு எண்பது பேரிடம் தான் சொல்வதையும், வீட்டுக்குப் போன பிறகு மறுநாள் காலைவரை ஒருவரிடமும் சொல்ல ஒன்றும் இல்லாததையும் எழுதியிருந்தார். வாசித்த குரல் எக்ஸ்ரே அறையில் பேசுகிற குரல்தான், அதில் ஏற்ற இறக்கம் கிடையாது. கைதட்டல் பதினோரு பேருக்குத் தகுந்தபடி இருந்தது.

அடுத்து நான்தான், கடைசி. கடிகாரத்தில் ஐந்து முப்பத்தெட்டு.

அக்கா இறங்கி வந்தவர் நேராக என்னிடம் வந்தார். “தம்பி, உங்க வீட்ல யாரும் வரலையா?”

அப்பாவுக்கு வேலை இருக்கிறது என்றேன்.

“சரி, நான் முன்வரிசைல உக்காந்துக்கறேன். யாராவது கேட்டா அக்கான்னு சொல்லிக்கோங்க.”

சொன்னபடியே போய் முதல் வரிசை நடுவில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த தாளின் இரண்டாம் பக்கத்தில் அந்தக் காது வரி இருந்தது. அது சிரிப்பு வரும் வரிதான். இப்போதும் நான் அதை மறுக்கவில்லை.

மேடம் என் பேரைக் கூப்பிட்டார். மேடை ஏறினேன். தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தேன். உள்ளே கையில் தட்டுப்பட்டது ஃப்ரிட்ஜ் சீட்டு. அதை எடுத்தேன். அரங்கம் காத்திருந்தது. மனித குலத்தைப் பற்றி யாரும் நினைவுபடுத்தவில்லை, லிஃப்ட் அண்ணன்கூட.

மேடையில் இடது சுவரோரம், முழங்கால் உயரத்தில் ஒரு ப்ளக் பாயின்ட் இருந்தது. ஸ்விட்ச் உடைந்து, மேலே செல்லோ டேப் ஒட்டியிருந்தது. ஒரு நாற்காலியை இழுத்துப் போய் அதற்குப் பக்கத்தில் போட்டேன். ஒயர் எட்டுமா என்று பார்த்து இன்னும் கொஞ்சம் நெருக்கினேன். கால்கள் தரையில் கிறீச்சிட்டன. இரண்டு முறை ஆட்டியும் பார்த்தேன்.

“யாருக்கு?” என்றார் மேடம்.

“அப்பாவுக்கு.”

சீட்டின் பின்பக்கம் காலியாக இருந்தது. அதைப் பார்த்து வாசிப்பது போல வைத்துக்கொண்டு, நாற்காலியைப் பார்த்தேன்.

“அப்பா, காஸ் சிலிண்டர் வந்துடுச்சு,” என்று தொடங்கினேன்.