வீட்டுத் தகடு

பழைய இரும்பு ஏற்றிய லொறிகளுக்குப் பின்னால் வரிசையில் நின்று என் பட்டறை வேலையை எடை போட்டுப் பார்க்கும் நாள் வரும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால், அந்த ஆளை வாசலோடு அனுப்பியிருப்பேன். அன்று மூன்றாவது தடவையாக அப்படி நின்றேன். கலகெதர வீதியில் பழைய இரும்பு வாங்கும் ஹுஸைனிடம்தான் எங்கள் பக்கத்தில் நம்பக்கூடிய வேபிரிட்ஜ், வண்டியை அப்படியே ஏற்றி நிறுக்கும் தராசு, இருக்கிறது. எங்களிடம் திருத்தக் கொடுத்திருந்த பஹ்மியின் காரை அதன் மேல் தள்ளி ஏற்றினோம். கதவுகளுக்கு உள்பக்கம் இல்லை, இருக்கை ஒன்றே ஒன்று, தரையில் விரிப்பு இல்லை, கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக், இரும்பு பொனெட்டுக்குப் பதில் பைபர். கண்ணால் பார்த்தால் காற்றடித்தால் பறந்துவிடும் போலிருந்தது.

ஹுஸைன் சின்ன ஜன்னலால் தலையை நீட்டினான்.

"எண்ணூத்தித் தொண்ணூறு, மொதலாளி."

"சரியாப் பாரு."

"மிஷின்தானே பாக்கிது, நானா பாக்கிறேன்? பேசாம இப்பிடியே குடுத்துட்டுப் போங்களே, கிலோ கணக்கில நல்ல வெல போட்டுத் தாறேன்."

பின்னால் நின்ற லொறிக்காரர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் மகள் இராஜகுமாரி கையிலிருந்த காகிதத்தையும் காரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுடைய கணக்குப்படி கார் எழுநூற்றுத் தொண்ணூறு கிலோ இருக்க வேண்டும். நூறு கிலோ எங்கிருந்து வந்தது? எதைக் கழற்றி வீசினாலும் அந்த நூறு மட்டும் கூடவே வந்துகொண்டிருந்தது.

நான் ஏன் இவ்வளவு தூரம் இதில் இறங்கினேன் என்பதைச் சொல்ல வேண்டும். பிலிமத்தலாவையில் கொழும்பு வீதியோரம் 'அழகமுத்து அன் சன்ஸ்' என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். அழகமுத்து என் தகப்பனார். லொறிகளுக்குப் பொடி கட்டுவது, அதாவது பின்னால் சாமான் ஏற்றும் கூட்டைக் கட்டுவது, எங்கள் தொழில். நாவலப்பிட்டி, ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து ஏற்றிய லொறிகளில் பாதிக்கு மேல் எங்கள் பட்டறையில் கட்டியவை. எங்கள் கையால் போன ஒரு பொடியும் பிளந்து திரும்பி வந்ததில்லை. சேதுராமன் என்று என் பெயரைச் சொன்னால் யாரென்று கேட்பார்கள். அழகமுத்து மகன் என்றால் எழுந்து கதிரை போடுவார்கள்.

பஹ்மி கண்டியில் டயர் கடை வைத்திருக்கிறான். கடுகண்ணாவை வளைவில் உருண்டு நொறுங்கிய ஒரு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை இன்சூரன்ஸ்காரர்களிடம் எடுத்து, பந்தயத் தடத்தில் ஓடுவதற்கு அதைப் பாரமில்லாமல் திருத்திக் கட்ட வேண்டும் என்று வந்து நின்றான். இரண்டு கதவு, பதிந்த கூரை, ஒரு பக்கம் சப்பை. எனக்கு விருப்பமில்லை. டெக்னிக்கல் கல்லூரியில் படிப்பிக்கும் என் மகள்தான், "அப்பா, நான் வரைஞ்சு தாறேன், நம்ம ஆளுங்க செய்யட்டும்" என்றாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கண்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில், சாப்பாட்டுப் பந்தியில், கட்டுகஸ்தோட்டையில் கார் கராஜ் நடத்தும் வீரசிங்கம் எனக்கு எதிரே உட்கார்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அடக்கமாகப் பேசியே ஆளைக் குத்துவார்.

"அண்ணை, பஹ்மியின்ர கார் உங்களிட்டயாம்?"

"ஆமா."

"லொறி கட்டிற ஆக்கள் கார் கட்டினா அதுவும் லொறியாத்தான் வரும். பாத்துச் செய்யுங்கோ."

பந்தியே சிரித்தது. நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன். "ஓடுற நிலையில எண்ணூறு கிலோவுக்குக் கீழ கொண்டாறேன். முடியாட்டி எங்கப்பா பேர்ப்பலகைய என் கையாலயே இறக்கிடுறேன்" என்றேன். சொன்ன சொல் மண்டபத்துக்கு வெளியே போவதற்குள் பேராதனை வரை போய்விட்டது.

ஹுஸைனுடைய வேபிரிட்ஜிலிருந்து திரும்பியதும் பட்டறையில் எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்டேன். தடித்த தகடு பாவித்தீர்களா? இல்லை. சத்தம் அடங்கக் காரின் தரையில் ஒட்டியிருந்த பழைய தார் மிச்சம் இருக்கிறதா? சுரண்டி எடுத்துவிட்டோம். பஹ்மி கழற்றிய சாமானைத் திரும்பப் பூட்டினானா? பஹ்மி தலையில் கை வைத்தான்.

"ஐயா, நான் கண்ணாடி மோட்டரைக் கூட வித்துட்டேன். வாப்பா என்னைப் பைத்தியம் எண்டு செல்றாரு. நான் எதைப் பூட்டப் போறேன்?"

"அப்பா, பின்னாடி இழுக்கிற கொக்கி ஒண்ணு இருக்கே, படத்தில இல்லாதது. அது யாரு போட்டது?" என்றாள் இராஜகுமாரி.

"கொக்கி தேவையானது. அத எடையில சேக்காதே."

அவள் காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டாள். அந்தக் கொக்கியைப் பிறகு அங்கே காணவில்லை.

சனிக்கிழமை அவள் கடைசி வழியொன்று சொன்னாள். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்தில் வரிசையாகத் துளை போட்டால் பலமும் கெடாது, கிலோவும் குறையும். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. இரும்பில் ஓட்டை என்றால் எங்கள் பட்டறையில் அது துரு. ஆனாலும் சொல் கொடுத்தவன் நான். சரி என்றேன்.

எங்கள் மூத்த வெல்டர் கறுப்பையா துளைக்கும் மெஷினை எடுக்கவில்லை. வெற்றிலை போடப் போகிறேன் என்று வெளியே போய்விட்டார். இராஜகுமாரியே எடுத்தாள். மெல்லிய தகடு அது. வெண்ணெய் மாதிரி இறங்க வேண்டும். மெஷின் அலறியது. புகை வந்தது. துளைப்பானின் பற்கள் உடைந்து சுவரில் தெறித்தன. வேறொன்று மாட்டி, ஒரு சாண் தள்ளி வைத்தாள். அதுவும் போயிற்று.

"இதுக்குள்ள என்னமோ இருக்குப்பா."

கிரைண்டரால் சட்டத்தை நீளவாக்கில் திறந்தோம். உள்ளே, மூட்டுக்கு மூட்டு, உள்ளங்கை அகலத்தில் முக்கோண இரும்புத் தகடுகள் அழகாக வெல்ட் செய்யப்பட்டிருந்தன. பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பெயர் வீட்டுத் தகடு. என் தகப்பனார் வைத்த வழக்கம். வாடிக்கையாளர் கேட்டபடி கட்டி முடித்த பிறகு, ஒவ்வொரு மூட்டுக்குள்ளும் ஒரு தகடு எங்கள் கணக்கில் போடுவோம். அதற்குக் காசு வாங்குவதில்லை. போட்டதை வெளியில் சொல்வதுமில்லை. சொன்னால் கொடுத்தது கொடுத்ததாகாது என்பார். எங்கள் லொறிகள் பிளக்காததற்கு அதுதான் காரணம். அது லொறிக்கு உரியது என்றே நான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். லொறியைத் தவிர வேறெதுவும் நாங்கள் கட்டியதில்லை என்பதை நினைக்கவில்லை.

கறுப்பையாவைக் கூப்பிட்டேன். வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"யாரு போட்டது?"

"எல்லாரும்தாங்க."

"மெல்லிசாச் செய்யணும்னு தலையில அடிச்ச மாதிரிச் சொன்னேனே!"

"மெல்லிசா இருந்ததாலதாங்க போட்டோம். கெட்டியா இருந்திருந்தா விட்டிருப்போம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

கறுப்பையா என்னை விசித்திரமாகப் பார்த்தார். "வீட்டுத் தகட்ட வாய்விட்டுச் சொல்ற வழக்கம் உண்டுங்களா? பெரிய ஐயா நம்மள அப்படிப் பழக்கலியே."

ஒருவர் எங்கே, எத்தனை போட்டார் என்பது மற்றவருக்குத் தெரியவில்லை. பகலில் மகள் கல்லூரியில் இருக்கும்போது, மூடப்போகும் ஒவ்வொரு சட்டத்துக்குள்ளும் கை வைத்தவனெல்லாம் ஒன்று போட்டிருக்கிறான். சில மூட்டுகளில் தகட்டின் மேல் தகடு இருந்தது. நான் கோபத்தில் கத்த நினைத்தேன். என்னவென்று கத்துவது? என் தகப்பனார் சொன்னதைச் செய்தார்கள் என்றா?

"எல்லாத்தையும் வெட்டி எடு" என்றேன்.

"வேற ஆளப் பாருங்கையா."

"கறுப்பையா!"

"போடச் சொன்னா போடுவேன். பெரிய ஐயா போடச் சொன்னத எடுக்கிற கை எனக்கில்லீங்க. கோவிச்சுக்காதீங்க." அவர் கையுறைகளைக் கழற்றி மேசையில் மடித்து வைத்தார். மற்றவர்களும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆகவே நானே கிரைண்டரை எடுத்தேன். இந்த வயதில் கார் தரையில் முழங்காலிட்டு, என் பட்டறையின் நல்ல வேலையை நானே அறுத்தேன். இராஜகுமாரி சோக்கட்டியால் அடையாளம் போட்டுக்கொண்டே வந்தாள். பஹ்மி விழுந்தவற்றைப் பொறுக்கித் தகர வாளியில் போட்டான். வாளி நிரம்பி, பிறகு இன்னொன்று நிரம்பியது. ஒவ்வொன்று விழும்போதும் வெளியில் கறுப்பையா இருமும் சத்தம் கேட்டது.

அடுத்த முறை ஹுஸைனிடம் போனபோது வீரசிங்கமும் வந்திருந்தார். நான்தான் ஆள் அனுப்பிக் கூப்பிட்டேன். பின்கதவால் நிறுக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

"எண்ணூத்திப் பன்னெண்டு" என்றான் ஹுஸைன். இந்தத் தடவை அவன் பகிடி விடவில்லை.

வீரசிங்கம் காரைச் சுற்றி வந்து கதவைத் திறந்து மூடினார். "லொறிக்குக் காணாது, காருக்குக் கூடிப்போச்சு" என்றார் மெதுவாக. பிறகு என் முகத்தைப் பார்த்து, "பலகையைப் பற்றி நான் ஒண்டும் கேக்கேல்லை அண்ணை. அது பந்திக் கதை" என்றார்.

அவர் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பஹ்மி என்னை ஓரமாக இழுத்தான். "ஐயா, டேங்க்ல பெற்றோல் ஈக்கிது. வடிச்சிட்டு இன்னொருக்கா ஏத்துவோம். முடிஞ்சிது."

"ஓடுற நிலையிலன்னு சொன்னேன். பெற்றோல் இல்லாம எந்தக் கார் ஓடுது?"

"அப்ப இன்னொண்ணு இருக்குப்பா" என்றாள் இராஜகுமாரி. "கூண்டுல இருக்கிறத நாம தொடல."

ஓட்டுபவரைச் சுற்றிக் குழாய்களால் கட்டிய பாதுகாப்புக் கூண்டு அது. கார் உருண்டால் கூரை தலையில் இறங்காமல் தாங்க வேண்டியது. அதன் மூட்டுகளிலும் வீட்டுத் தகடுகள் இருந்தன. விதிப்படி அவை தேவையில்லை, குழாயே போதும், எடுத்தால் எண்ணூறுக்குக் கீழே வந்துவிடும் என்றாள்.

பட்டறைக்குத் திரும்பிக் கிரைண்டரோடு உள்ளே ஏறி அந்த ஒற்றை இருக்கையில் உட்கார்ந்தேன். அண்ணாந்து பார்த்தால் தலைக்கு நேர் மேலே கறுப்பையாவின் தகடு. மீன் செதில் அடுக்கியது போன்ற வெல்ட். இந்தக் கார் ஏற்கெனவே ஒரு தடவை உருண்டது என்பது நினைவுக்கு வந்தது. வெளியே பஹ்மி ஹெல்மெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எப்போது முடியும் என்று நின்றான். எண்ணூறு என்று வாய் விட்டவன் நான். இதற்குள் உட்காரப் போகிற தலை அவனுடையது.

கிரைண்டரை அணைத்துவிட்டு இறங்கினேன்.

"என்னப்பா?"

"ஏணியக் கொண்டா."

"அப்பா, வேணாம். அவரே விட்டுட்டாரு."

"அவரு விடலாம். சொன்னது நான்."

ஏணியைப் பெயர்ப்பலகைக்குக் கீழே சாத்தினார்கள். கறுப்பையா வந்து அடியைப் பிடித்துக்கொண்டார். "ஏணியப் புடிக்கிறேன், விழுந்துடக் கூடாதுல்ல. வேறெதையும் தொட மாட்டேன்" என்றார். மேலே ஏறிப் பலகையின் பின்பக்கத்தைப் பார்த்தேன். ஆணி இல்லை. போல்ட் இல்லை. சுவருக்குள் இறங்கிய ஆங்கிள் இரும்பில் நேரடியாக வெல்ட். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு தகடு, சில இடத்தில் இரண்டு. என் தகப்பனார் தன் கையால் போட்டது. ஒரு மூலையை அறுப்பதற்குள் கிரைண்டரின் வெட்டும் டிஸ்க் தேய்ந்து மொட்டையாகிவிட்டது. அறுத்த மூலையைப் பிடித்து என் பாரம் முழுவதையும் போட்டு இழுத்தேன். பலகை அசையக்கூட இல்லை. வீதியில் போன பஸ் மெதுவாகி, ஜன்னல் நிறையத் தலைகள் என்னைப் பார்த்தன.

"புது டிஸ்க் வாங்கிட்டு வா" என்று கத்தினேன்.

"நாளைக்குத்தான் ஐயா. இண்டைக்குப் போயா லீவு, கடை பூட்டு" என்றான் பஹ்மி கீழேயிருந்து.

இறங்கி வந்தேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பஹ்மி காரை டிரெய்லரில் ஏற்றி, அந்தப் பலகைக்குக் கீழாலேயே கொண்டுபோனான். கதவில் எங்கள் பட்டறைப் பெயரை எழுதியிருந்தான். அழிக்கச் சொன்னேன், அழித்தால் வாப்பா ஏசுவார் என்றான். வாப்பாவுக்குக் காரே பிடிக்காது என்பது எனக்குத் தெரியாதா?

மறுநாள் காலை நானே போய் டிஸ்க் வாங்கி வந்தேன். பலகையை அண்ணாந்து பார்த்தேன். நேற்று அறுத்த மூலையில் புதிதாக ஒரு முக்கோணத் தகடு வெல்ட் செய்யப்பட்டு, பெயின்ட்டும் அடிக்கப்பட்டிருந்தது. ஈரம் இன்னும் காயவில்லை. பட்டறைக்குள் எல்லோரும் ஒரு லொறியைச் சுற்றி மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். கறுப்பையா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்ல மாட்டார்கள்.

"ஏணியச் சாத்துங்க" என்றேன்.

ஏணி எங்கே என்று பட்டறையில் ஒருவருக்கும் தெரியவில்லை.