கயிறு வேண்டாத துரை

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் குழாய் ரிப்பேரைப் பற்றிப் பேசினாலும் அதில் மனிதகுலத்துக்கு ஒரு செய்தி இருக்கும். அவர் தொழில் அப்படி. ஒரு பெரிய நிறுவனத்தில் ஊழியர்களை உட்கார வைத்து நம்பிக்கை, ஈடுபாடு, குழு உணர்வு என்று மாதம் நான்கு முறை உரையாற்றும் பயிற்சி அதிகாரி. பாதியில் எழுந்து போக ஊழியர்களுக்கு அனுமதி கிடையாது. யாரும் எழுந்து போகாததால் தம் பேச்சில் ஏதோ காந்தம் இருப்பதாக அவர் இருபது வருஷமாக நம்பி வந்தார்.

வீட்டில் அந்தக் காந்தம் வேலை செய்வதில்லை. மனைவி மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று, டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துவிட்டு வருகிறவள். அவர் இரண்டாவது வாக்கியத்தைத் தொடங்கும்போதே மிக்சியைப் போட்டுவிடுவாள். மகள் வெளியூரில் கல்லூரி விடுதியில் இருந்தாள். ஆக, வீட்டில் மிச்சமிருந்த ஒரே சபை துரை.

துரை மகளுடைய இகுவானா. ஓணான் வம்சத்திலேயே கொஞ்சம் பெரிய இடம். மூக்கிலிருந்து வால் நுனி வரை மூன்றரை அடி, முதுகு நெடுகச் சீப்புப் பற்கள், எதிரே நிற்பவரின் தகுதியைச் சந்தேகிக்கிற பார்வை. விடுதியில் அதற்கு இடமில்லை என்று மகள் அப்பாவிடம் விட்டுப் போனாள். சூட்டு விளக்கை எப்போது போட வேண்டும், என்ன கீரை தர வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதி வைத்தாள். கடைசி வரியை அடிக்கோடிட்டிருந்தாள்: வெளியே கொண்டு போனால் முன்னங்கால் பட்டையும் கயிறும் கட்டாயம்.

முதல் இரண்டு வாரம் துரை அவரை மனிதராகவே மதிக்கவில்லை. கையை நீட்டினால் வாலால் ஒரு வீச்சு. தோளில் வைத்தால் அடுத்த நொடி திரைச்சீலையின் உச்சியில். ஒருநாள் படுக்கையறையில் ஏசியைப் போட்டுக்கொண்டு அவர் உரை தயாரித்தபோது துரையும் தவறி உள்ளே மாட்டிக்கொண்டது. நான்கு மணி நேரம் கழித்து எடுத்தார். மடித்த துண்டு மாதிரி கைக்கு வந்தது. தோளில் வைத்தார். உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது. அவருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. இத்தனை நாள் பேசியது வீண்போகவில்லை.

அது முதல் துரைக்கு ஏசி அறையில்தான் வாசம். ஒருநாள் ஏசி பழுதானது. துரை மறுபடி திரைச்சீலையின் உச்சிக்குப் போய்விட்டது. அன்று அவருக்கு விஷயம் விளங்கியது. விளங்கியதை யாரிடமும் சொல்லவில்லை. முக்கியமாகத் தம்மிடமே சொல்லிக்கொள்ளவில்லை. மெக்கானிக்கை மட்டும் உடனே வரவழைத்தார்.

"குளிர்ல எதுக்குங்க அதைப் போட்டு வச்சிருக்கீங்க? கீரை வச்சது வச்சபடியே கிடக்கு" என்றாள் மனைவி.

"அமைதியான சூழல் அதுக்குப் பிடிச்சிருக்கு."

"அமைதியா? நீங்க உள்ள இருக்கும்போதா?" என்று கேட்டுவிட்டு அவள் வேலைக்குக் கிளம்பினாள்.

தினமும் காலை ஆறரைக்குத் துரையைத் தோளில் ஏற்றி, கயிறும் இல்லாமல் பட்டையும் இல்லாமல், குடியிருப்பின் முற்றத்தை மூன்று சுற்றுச் சுற்றுவார். நடைப்பயிற்சிக்காரர்கள் நின்று பார்த்தார்கள். சிலர் படமெடுத்தார்கள். "எப்படி சார் ஓடாம இருக்கு?" என்று கேட்டால், அவர் கொஞ்சம் இடைவெளி விட்டு, "நம்பிக்கை" என்பார். அந்த இடைவெளிக்கு அலுவலகத்தில் அவருக்குப் பெயர் உண்டு.

ஒரு படம் மகளுக்கும் போயிற்று. அவள் கூப்பிட்டாள்.

"என்கிட்ட ஒருநாள்கூட இப்படி உக்காந்ததில்லப்பா."

"அதுக்குப் பொறுமை வேணும்டா."

அவள், "மூணு வருஷம் நான்தானே வளர்த்தேன். சரி, அதுக்கு உங்களைத்தான் பிடிச்சிருக்குன்னா உங்ககிட்டயே இருக்கட்டும்பா. லீவுல வந்து கூட்டிட்டுப் போகல" என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. உண்மையைச் சொல்ல அவருக்கு ஒரு வாக்கியம் போதும். ஆனால் அவர், "பிரிவும் ஒரு பாடம்தான்" என்று தொடங்கிப் பத்து நிமிஷம் பேசினார்.

இந்த ராஜ்யத்துக்கு இருந்த ஒரே எதிர்க்கட்சி தரைத்தளத்து டெய்லரம்மா. அவளிடமும் ஓர் ஓணான் இருந்தது. தொண்டையில் முள்தாடி வைத்தது, உள்ளங்கை நீளம். மிச்சத் துணியில் அவளே தைத்த பட்டையை முன்னங்கால்களில் மாட்டி, மெல்லிய கயிற்றின் மறுமுனையைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டுதான் வாசலில் வெயில் காய விடுவாள்.

"சார், வெளிய கொண்டு வந்தா கட்டிடுங்க சார்" என்றாள் ஒருநாள்.

"கயிறுங்கறது என்னம்மா? அவநம்பிக்கையோட நீளம்."

"அவநம்பிக்கை எல்லாம் இல்ல சார். கயிறு இழுக்கறதுக்கும் இல்ல. வெயில் ஏறினா அது வேற ஆள். அப்போ அது யாருன்னே நமக்குத் தெரியாது."

கடைசி வாக்கியம் அவருக்குப் பிடிக்கவில்லை. அன்று மாலையே சுற்றறிக்கை போட்டார். ஊர்வனவற்றுக்குக் கயிறு தேவையா என்பதை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முற்றத்தில் கூடி விவாதிப்போம். நேரடிச் செயல்விளக்கம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமைக்காக முந்தின நாளிலிருந்தே துரையின் ஏசி அறைக் கதவைத் திறக்கவிடவில்லை. பதினெட்டு டிகிரி. தோளில் ஏற்றியபோது ஈரத்துணி போலக் கிடந்தது. நாற்காலிகள் போட்டு முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். செயல்விளக்கத்துக்கு ஐந்து நிமிஷம் போதும். செய்துவிட்டுத் துரையை உள்ளே கொண்டு போயிருந்தால் வரலாறு வேறு மாதிரி இருந்திருக்கும். ஆனால் முன்னால் முப்பது பேர், கையில் மைக். மனிதன் முதன்முதலாக நாயைப் பழக்கிய காலத்திலிருந்து தொடங்கினார். இருபதாவது நிமிஷம் வெயில் அவர் தோளுக்கு வந்தது. முப்பதாவது நிமிஷம் துரை ஒரு கண்ணைத் திறந்தது. முன்வரிசையிலிருந்த டெய்லரம்மா அதைப் பார்த்துவிட்டு மெதுவாக எழுந்து, "சார்" என்றாள். "கேள்விகள் கடைசியில்" என்றார் அவர். நாற்பதாவது நிமிஷம், "ஆகவே நண்பர்களே, அன்பு இருக்கிற இடத்தில்" என்று கையை உயர்த்தினார்.

துரை அந்தக் கையிலேயே ஓடி, விரல் நுனியிலிருந்து பாய்ந்தது. போகிற போக்கில் காதில் ஒரு கீறல். நாற்காலிகள் சரிந்தன. யாரோ சிரித்தார்கள். துரை முற்றத்து மரத்தின் முதல் கிளைக்கு ஏறிவிட்டது. முதலில் மரத்தடிக்கு ஓடியவள் டெய்லரம்மாதான். விழுந்தால் தாங்கிக்கொள்ள, வெயிலுக்குக் கொண்டு வந்திருந்த குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்தபடி கிளைக்குக் கீழே நின்றாள். துரை கிளையிலிருந்து மதிலுக்குத் தாவி, மதிலுக்கு அந்தப் பக்கம் மறைந்தது.

முப்பது பேரும் செயலாளரைப் பார்த்தார்கள். காதில் ரத்தம். கையில் மைக் இன்னும் உயிரோடு இருந்தது. வாய் தன் வழக்கப்படி முந்திக்கொண்டது.

"குடையை விரிச்சு மிரட்டிட்டீங்களேம்மா."

ஒலிபெருக்கி அதை நாலு பக்கமும் எடுத்துச் சொன்னது. ஓட்டத்துக்கு முன்னால் குடையா, பின்னால் குடையா என்று யாரும் குறித்து வைத்திருக்கவில்லை. முதல் மாடி வக்கீல், "இது தேவையாம்மா? வாயில்லா ஜீவன்கிட்டயா உங்க போட்டி?" என்றார். டெய்லரம்மா குடையைப் பார்த்தாள். தனக்கே சந்தேகம் வந்துவிட்டது. "தெரியாம பண்ணிட்டேன் சார்" என்றாள்.

அவளுக்கு முழங்கால் வலி. அப்படியும் அன்று மாலை வீடு வீடாக ஏறி, யார் கண்ணிலாவது பட்டால் சொல்லுங்கள் என்று கேட்டாள். ஒவ்வொரு வாசலிலும் தன்னால்தான் ஓடிவிட்டது என்று மன்னிப்பும் கேட்டாள். செயலாளர் வீட்டுக்கும் வந்தாள். அவர் குளியலறையில் இருந்ததாக மனைவி சொல்லி அனுப்பினாள். உள்ளே வந்து, குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று, "போயிட்டாங்க. நீங்க வெளிய வரலாம்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. மிக்சி சத்தம்கூட இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை டெய்லரம்மாவே துரையைக் கண்டுபிடித்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டறையின் தகரக் கூரையில், வெயில் படுகிற மூலையில் படுத்திருந்தது. வாலில் பாதி இல்லை. பட்டறைப் பையனை ஏறி எடுத்துத் தரச் சொல்லி, தைக்க வந்த துணி ஒன்றில் சுற்றி எடுத்து வந்தாள். அவளும் செயலாளரும் ஆட்டோவில் கால்நடை டாக்டரிடம் போனார்கள். வழியெல்லாம் துரை அவள் மடியில் இருந்தது. "மூச்சு விடும்போது கரகரன்னு ஒரு சத்தம் வருது சார்" என்றாள். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் வாலைப் பார்த்துவிட்டு, "இது பெரிய விஷயம் இல்ல, வளர்ந்துடும்" என்றார். பிறகு வயிற்றை விரலால் அழுத்தினார். முகம் மாறியது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்.

"டாக்டர், எல்லாம் என்னாலதான்" என்று டெய்லரம்மா தொடங்கினாள். "நான் குடையை விரிச்சேன், பயந்து ஓடி, ரெண்டு ராத்திரி வெளிய கிடந்து..."

"குடைக்குப் பயந்தா வால் போகலாம்மா. வயித்துல இத்தனை நாள் கீரை செரிக்காம நிக்காது. நெஞ்சுலயும் சளி." டாக்டர் செயலாளர் பக்கம் திரும்பினார். "எந்த சூட்டுல வச்சிருந்தீங்க?"

"அறை வெப்பநிலைதான்."

"எந்த அறை?"

செயலாளர் தம் புகழ்பெற்ற இடைவெளியை விட்டார். அதற்குப் பிறகு சொல்ல எதுவும் வரவில்லை.

"சார், இதுங்களுக்கு மருந்து வேலை செய்யறதே உடம்புச் சூட்டை வச்சுத்தான். வெளிய கிடந்ததுல வந்ததுன்னா ஒரு வைத்தியம். ரொம்ப நாள் குளிர்ல இருந்ததுன்னா வேற. தப்பாப் போட்டா பிழைக்காது. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது. மேசைமேல் துரை வாயைத் திறந்து திறந்து மூடியது.

"பதினெட்டு" என்றார். "ஏசி. ரெண்டு மாசமா."

டாக்டரின் பேனா நின்றது. "ஏன்?"

"அப்போதான் தோள்ல உக்காரும்."

"உக்காரல சார். அசைய முடியல."

"தெரியும்" என்றார் அவர். அந்தச் சொல் அவ்வளவு சிறியதாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. டெய்லரம்மா பக்கம் திரும்பாமல், சுவரிலிருந்த நாய்ப் படத்திடம் சொன்னார்: "நீங்க குடை விரிக்கும்போது அது மரத்துல இருந்துச்சும்மா. நான் பார்த்தேன்."

டெய்லரம்மா துரையைச் சுற்றிய துணியை எடுத்து மடித்தாள். மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள்.

வராந்தாவில் நின்று மகளைக் கூப்பிட்டார். இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் எடுத்தாள். ஓடிப்போனது, கிடைத்தது, வால், நெஞ்சுச் சளி, ஏசி என்று ஒன்றுவிடாமல் சொன்னார். உவமை எதுவும் சேர்க்கவில்லை.

"அப்போ அதுக்கு உங்களைப் பிடிச்சிருந்ததுன்னு சொன்னது?"

"இல்லம்மா. குளிர்ல விறைச்சுப் போயிருந்துச்சு."

"நான் அழுதேன்ல, அப்போ உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"போனை டாக்டர்கிட்ட குடுங்க" என்றாள்.

கொடுத்தார். அவருடைய போனில் டாக்டரும் மகளும் முப்பத்திரண்டு டிகிரி, முப்பத்தைந்து டிகிரி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் பக்கத்தில் நின்றார். அவரிடம் கேட்க இருவருக்குமே எதுவும் இல்லை. பேசி முடித்த டாக்டர், பத்து நாள் துரை இங்கேயே இருக்கட்டும், பிழைக்குமா என்று அதற்குப் பிறகுதான் சொல்ல முடியும், அதுவரை உங்கள் மகளிடம் பேசிக்கொள்கிறேன் என்றார்.

திரும்பும் ஆட்டோவில் பாதி வழி வந்த பிறகு டெய்லரம்மா வாயைத் திறந்தாள்.

"சார், நான் முப்பத்திரண்டு வீடு ஏறினேன்."

"தெரியும்மா. வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு கூட்டம் போட்டு..."

"கூட்டம் வேணாம் சார். மைக்கும் வேணாம். என் காலு இன்னொரு தடவை ஏறாது. நீங்களே போய்ச் சொல்லிடுங்க."

முதல் மாடியில் வக்கீல் கதவைத் திறந்தார். "வாங்க செயலாளர் சார். துரை கிடைச்சிருச்சாமே. அந்தம்மாவை நல்லா நாலு வார்த்தை கேட்டீங்களா?"

"டெய்லரம்மா ஒண்ணும் பண்ணல சார். அது முன்னாடியே ஓடிருச்சு. பார்த்துக்கிட்டேதான் அவங்க மேல பழியைப் போட்டேன். ரெண்டு மாசமா ஏசியில விறைக்க வச்சுத்தான் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சேன்."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று தாம் டெய்லரம்மாவிடம் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "உள்ள வாங்க. உக்காந்து பேசுவோம்" என்றார்.

"வேணாம் சார். உக்காந்தா நான் விளக்கம் சொல்ல ஆரம்பிச்சிடுவேன்."

பக்கத்து வீட்டு அழைப்பு மணியை அழுத்தினார். உள்ளே செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. முதுகுக்குப் பின்னால் வக்கீல் இன்னும் கதவைச் சாத்தவில்லை.