வாய் குறுகிய உறை

அறைக் கதவைச் சாத்தினால்தான் வெளியே இருக்கும் குளிர்சாதனப் பெட்டி திறக்கும். பெட்டி திறந்திருக்கும்வரை அறைக்குள் இருப்பவர் வெளியே வர இயலாது. மாமனார் வீட்டில் அவனுக்கும் மனைவிக்கும் வாய்த்த இடம் அந்த அறையே. வேலை போன கையோடு சில நாள் தங்க வந்தவர்கள், அங்கிருந்த கட்டிலையும் பழைய தையல் இயந்திரத்தையும் போல அசைவற்றுப் போனார்கள்.

அடுத்த தெருப் பட்டறையில் தோல்வேலையும் மரச்செதுக்கும் கற்கச் சேர்ந்திருப்பதாக அவன் சொன்ன அன்று மாமனார் வாய்விட்டுச் சிரித்தார். ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசித்து ஓய்வுபெற்றவர். வீட்டிலும் எல்லா நடைமேடைக்கும் கேட்கும்படியே பேசுவார்.

"ஒரு ஆணி அடிக்கச் சொன்னா சுவரையே பேத்தவரு, இப்ப உளி புடிக்கப் போறாராம்!"

பட்டறைக்காரி அவனைவிட இளையவள். சொல்லில் சிக்கனம் உடையவள்.

"அண்ணா, உங்க கையாலயே அச்சு செதுக்கி, அதுமேல மூக்குக்கண்ணாடிக்கு ஒரு உறை தைச்சுக் கொண்டாங்க. கடையில வைக்கற மாதிரி இருந்தா வேலையும் உண்டு, மாடி ரூமும் உண்டு. வெள்ளிக்கிழமை பாக்கறேன்."

மாடி அறைக்குத் தனிப் படி, உள்ளே தாழ்ப்பாள். அதைக் கேட்ட மனைவி அன்றே பரணிலிருந்து பையை இறக்கித் தூசி தட்டினாள்.

அச்சாகக் கண்ணாடியின் பருமனுக்கு ஒரு கட்டையைச் செதுக்க வேண்டும். நனைத்த தோலை அதன்மேல் இழுத்துத் தைத்து உலர விட்டால், தோல் அவ்வடிவிலேயே விறைத்து நிற்கும். பின் கட்டையை உருவிக்கொள்ளலாம். முதலில் உளி மரத்தில் வழுக்கியது. இறங்கியபோது வேண்டாத இடத்தில் இறங்கியது. மரத்தின் ரேகையோடு இணங்கிப் போகக் கை பழகியதும், கட்டை இடையில் பருத்து, இரு முனையும் மெலிந்து, அவிழக் காத்திருக்கும் மொட்டைப் போல உருக்கொண்டது. தன் கையால் இப்படியொன்று வந்ததே என்று நெஞ்சு கசிந்தான். அந்த மயக்கத்தில், உறையின் வாய் அமையவேண்டிய முனையையும் குறுக்கிவிட்டதை அவன் எண்ணவேயில்லை. குத்தூசி விரல்நுனிகளைப் பதம் பார்க்க, மெழுகு நூலால் தைத்து முடித்தான்.

வியாழக்கிழமை தோல் உலர்ந்தது. கட்டையைப் பற்றி இழுத்தான். வரவில்லை. நனைத்தால் நெகிழும் என்று நீரில் அமிழ்த்தினான். தோலை முந்திக்கொண்டு மரம் நீரைக் குடித்து உப்பியது.

மாமனார் கதவைத் தட்டாமல் எட்டிப் பார்த்தார். "என்ன மாப்பிள்ளை, இன்னும் பிரசவம் ஆகலையா?" கட்டையைத் தாமும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "உள்ள வரத் தெரிஞ்சுது, வெளிய போகத் தெரியல. நம்ம வீட்டுச் சரக்குதான், சந்தேகமே இல்ல!"

"அப்பா, போதும். கதவச் சாத்திட்டுப் போய் ஃப்ரிட்ஜத் தொறங்க," என்றாள் மனைவி.

தையலைப் பிரித்தால் உறை பாழ். வேறு தோலும் இல்லை. கட்டையைக் குடைந்தால் அச்சு பாழ்.

"கடையில வைக்கப் போறது உறையத்தானே? கட்டைய யாருங்க கேக்கப் போறா?" என்றாள் அவள்.

வாயின் வழியே சிற்றுளியை விட்டு, தான் இழைத்த மொட்டைத் தானே சிராய் சிராயாகக் குடைந்து எடுத்தான்.

மறுநாள் பட்டறைக்காரி தையலை விரலால் நெருடிப் பார்த்தாள். "தையல் நல்லாருக்கு. அச்சு எங்க?"

அவன் கைக்குட்டையை விரித்தான். அதில் சிராய்கள் கிடந்தன. அவள் சிரிக்கவில்லை.

"இத வித்துட்டா அடுத்தத எதுமேல தைப்பீங்க அண்ணா? வாய அகலமா விடணும். எனக்கும் மொதல்ல மாட்டிக்கிச்சு."

"மாடி ரூம்..."

"அச்சோட வாங்க." உறையைத் திருப்பித் தந்து, புதிய கட்டையொன்றை அவன் கையில் வைத்தாள்.

வீட்டில் கட்டிய பை கதவோரம் நின்றது. அவன் கையிலிருந்த கட்டையைக் கண்ட மனைவி பையின் மீதிருந்த கையை எடுத்தாள்.

மாமனார் உறையைப் பறித்து, தம் கண்ணாடியை உள்ளே அழுத்தினார். கண்ணாடி உள்ளே போயிற்று. இழுத்தார், குறுகிய வாயில் சட்டம் கொக்கிபோல் மாட்டிக்கொண்டது.

"மாப்பிள்ளை! ஐயோ, ஒடைஞ்சிரும் போலிருக்கே! கண்ணாடி இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியலயே!"

அவர் குரல் முதன்முறையாகத் தாழ்ந்தது. அவன் கத்தியை எடுத்தான். தையலை ஒவ்வொன்றாக அறுத்தான். துளைகள் கிழிந்து தோல் இரண்டாகப் பிளந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்ட மாமனார், கிழிசலைப் பார்த்தார், கதவோரப் பையைப் பார்த்தார், கதவை மெல்லச் சாத்திக்கொண்டு வெளியேறினார்.

மனைவி பையைப் பிரிக்கவில்லை. காலால் கட்டிலுக்கடியில் தள்ளினாள். "தோலுக்கு என்ன பண்றது?"

"கேக்கறேன்," என்றான். புதிய கட்டையின் ஒரு முனையில், வேறெதையும் வரையுமுன், வாயின் அகலத்தைப் பென்சிலால் குறித்தான். உளி சுவர் மாடத்தில் இருந்தது; மாடமோ கதவுக்கு அப்பால். எழுந்து கதவைத் தள்ளினான். அது பாதியில் இடித்து நின்றது.

"இருங்க மாப்பிள்ளை, ஃப்ரிட்ஜுல தண்ணி எடுக்கறேன்," என்றது வெளிக்குரல்.

கட்டையை மார்போடு அணைத்தபடி அவன் கதவருகே நின்றான்.